தகவல் தொழில்நுட்பப் பட்டமும் தோட்டத்துப் பிள்ளையும்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த இரண்டு வாரங்களுக்குள் பேராக் மாநிலத்தில் தமிழர் கூடும் மண்டபங்கள் ஒவ்வோர் ஆண்டும் சந்தைகளாகிவிடுகின்றன. ஈப்போ புந்தோங்கில் ஒரு கல்விக் கண்காட்சி. சுங்கை சிப்புட்டில் ஓர் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி. பத்து காஜாவில் கோயில் மண்டபத்திலேயே மாணவர் பதிவு. வண்ண விளம்பரத் தாள்களோடு கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர்கள் மேசை போட்டு அமர்ந்திருப்பர். "எந்தப் படிப்பு படித்தால் உடனே வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பர். பிள்ளையின் கணித மதிப்பெண் என்ன, அவனுக்கு எதில் நாட்டம் என்று ஒரு சொல்லும் வினவாமல் மேசைக்கு அப்பாலிருந்து விடை வரும்: "ஐ.டி. எடுங்கள் ஐயா. 90 விழுக்காட்டுக்கு மேல் வேலை உறுதி. பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, நீங்கள் கையிலிருந்து ஒரு வெள்ளியும் போட வேண்டியதில்லை."

இந்த மூன்று வாக்கியங்களும் சேர்ந்து நம் தோட்டப்புறத்துக் குடும்பங்களை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏமாற்றி வருகின்றன என்பதே என் குற்றச்சாட்டு. ஏமாற்றுவோர் மேசைக்கு அப்பால் இருப்பவர் மட்டுமல்லர். மேடை போட்டுக் கொடுப்பவர், மாலை போட்டு வரவேற்பவர், கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் கைதட்டுபவர் எல்லாரும் இதில் பங்காளிகள்.

தகவல் தொழில்நுட்பத்தின்மீது எனக்கு எவ்விதக் காழ்ப்பும் இல்லை. மலேசியத் தமிழன் கணினிக்கு அயலானவனும் அல்லன். இந்நாட்டவரான முத்து நெடுமாறன் 1980-களிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். இன்று உலகெங்கும் தமிழர் கைப்பேசியில் தமிழைத் தட்டுகின்றனர் என்றால் அதில் அவர் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. 2001-இல் தமிழிணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நம்மவருக்கு இது இயலாத துறை என்று யாரேனும் சொன்னால் அவரோடும் வழக்காடுவேன். ஆனால் ஒரு துறையைக் கற்பது வேறு. அத்துறையின் பெயரைக் கடனுக்கு வாங்குவது வேறு. நம் பிள்ளைகளில் பலருக்கு நடப்பது இரண்டாவது.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தை அரசு தொடங்கியது. சைபர்ஜெயா என்றொரு நகரம் எழும், உலக நிறுவனங்கள் வரும், அறிவுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தேவைப்படுவர் என்று வானொலியும் நாளேடும் நாள்தோறும் முழங்கின. அதே 1996-இல் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம் இயற்றப்பட்டது, கல்லூரிகள் பெருகின. அடுத்த ஆண்டே, 1997-இல், தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகமாகிய பி.டி.பி.டி.என். தோன்றியது. ஓர் ஆண்டு இடைவெளியில் ஆசை, கடை, கடன் ஆகிய மூன்றும் நம் வாசலுக்கு வந்து சேர்ந்தன. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இவ்வளவு பெரிய சந்தை உருவாகியிருக்காது. கடனில்லாத கடைக்குள் தோட்டத் தொழிலாளி நுழைந்திருக்க மாட்டான்.

அதே காலத்தில் நம் மக்கள் எந்த நிலையில் இருந்தனர்? ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டுக் கொண்டிருந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. வேறு தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. லயத்து வீடு போயிற்று. பிரட்டுக் களம் போயிற்று. மூன்று தலைமுறையாகத் தெரிந்த ஒரே தொழிலும் போயிற்று. செம்மோர், சுங்கை சிப்புட், சித்தியவான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் ஈப்போவின் மலிவு விலை வீடுகளுக்கும் புறம்போக்கு நிலங்களுக்கும் வந்தன. லாரி ஓட்டுநர், காவலாளி, தொழிற்சாலை ஊழியர் என வேலை தேடிக்கொண்ட அந்தத் தந்தைக்கு 'கணினி' என்ற சொல் எவ்வளவு பெரிய விடுதலையாகக் கேட்டிருக்கும்! வெயிலில்லை, அட்டையில்லை, கிராணியின் வசவில்லை. குளிரறையில் அமர்ந்து செய்யும் வேலை. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஆசைக்கு விலை வைத்தவரையே குறை சொல்கிறேன்.

இவ்விடத்தில் பேராக்கைவிட்டுச் சற்றுத் தெற்கே போய்வர வேண்டும். ஏனெனில் அந்தக் கனவு நகரங்கள் எந்த மண்ணில் எழுந்தன என்பதை நம்மவர் மறந்துவிட்டனர். சைபர்ஜெயாவுக்கு அண்டையில், அதே பெருவழித் திட்டத்துக்குள் அமைந்த புத்ராஜெயா முன்பு பிராங் பெசார் ரப்பர் தோட்டம். அங்கும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. பின்னர் அந்தச் சுவர்கள் விரிசல் விட்டதும், அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டதும் நாளேடுகளில் வந்த செய்திகளே. தகவல் யுகத்தின் தலைவாசலுக்கு நாம் நிலம் காலி செய்து கொடுத்தோம். அதன் உள்ளே நுழைய நம் பிள்ளைகளுக்குக் கடன் சீட்டுக் கொடுத்தனர்.

இனி அந்த '90 விழுக்காடு' கணக்குக்கு வருகிறேன். இந்த எண்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். அது பொய்யன்று. பொய்யாக இருந்திருந்தால் எளிதில் மடக்கியிருக்கலாம்.

உயர்கல்வி அமைச்சு பட்டமளிப்பு விழாவையொட்டி ஆண்டுதோறும் பட்டதாரிகளிடம் பின்தொடர் ஆய்வு ஒன்றை நடத்துகிறது. அதிலிருந்து 'கெபோலேபாசாரான்' என்றோர் அளவு கணக்கிடப்படுகிறது. தமிழில் சொன்னால் பட்டதாரிகள் சந்தையில் விலைபோகும் தன்மை. (நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது 'பாசார்' என்ற சொல் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது பாருங்கள்.) வேலையில் இருப்போர் மட்டும் இதில் கணக்கில்லை. மேற்படிப்புக்குச் சென்றோர், ஏதேனும் திறன் பயிற்சியில் இருப்போர், வேலை உறுதியாகிப் பணியமர்வுக்குக் காத்திருப்போர் ஆகிய எல்லாரும் 'விலைபோனவர்' பக்கம் சேர்க்கப்படுகின்றனர். சொந்தத் தொழில், குடும்பத் தொழில், கூலிக்குக் கிடைத்த உதிரி வேலை எல்லாமே 'வேலை'தான்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியன். ஆகவே கரும்பலகைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். விகிதங்கள் என் கற்பனை. கூட்டும் முறை அவர்களுடையது. ஒரு கல்லூரியில் 100 பேர் தகவல் தொழில்நுட்பப் பட்டம் பெறுகின்றனர் எனக் கொள்வோம். வேலையில் இருப்போர் 55 பேர். வேலை கிடைக்காததால் மேற்படிப்புக்குப் போனவர்களையும் சேர்த்து, மேலே படிப்போர் 15. பயிற்சி வகுப்பில் 8. பணியமர்வுக்குக் காத்திருப்போர் 10. வேலையில்லாதோர் 12. விளம்பரத் தாளில் ஏறும் எண் 88. சரி, வேலையில் இருக்கும் அந்த 55 பேரை இன்னொரு முறை எண்ணுங்கள். அவர்களில் 20 பேர் கைப்பேசிக் கடை, பேரங்காடிக் கல்லா, மகிழுந்து ஓட்டம் என்றிருக்கலாம். 10 பேர் அழைப்பு மையத்தில் இருக்கலாம். படித்த படிப்பால் கிடைத்த வேலையில் இருப்போர் 25 பேர். 88 என்பதும் உண்மை, 25 என்பதும் உண்மை. தந்தைக்குச் சொல்லப்படுவது 88.

'இது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கந்தானே' என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே கல்வி அமைச்சு பட்டதாரிகளின் வேலை நிலையைப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக, படிப்பு படிப்பாகப் பிரித்து வெளியிடுகிறது. நிரந்தர முழுநேர வேலையில் இருப்போர் எத்தனை விழுக்காடு என்று தனியே காட்டுகிறது. இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, கீழ்க்காற்பகுதியில் இருப்பவர் எவ்வளவு பெறுகிறார், மேற்காற்பகுதியில் எவ்வளவு என்பதையும் அட்டவணையாகத் தருகிறது. ஒரு தாய் தன் மகளின் படிப்பைத் தேர்வதற்கு முன் அந்த அட்டவணையில் விரல் வைத்துப் பார்க்கலாம். நம் மண்டபத்து மேசையில் இருக்கும் தாளில் அப்படி ஒரு வரியாவது உண்டா? 'இந்தக் கல்லூரியில், இந்தப் படிப்பில், சென்ற ஆண்டு முடித்தவர் இத்தனை பேர், மென்பொருள் துறையில் சேர்ந்தவர் இத்தனை பேர், சம்பளம் இவ்வளவு' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். மேசை மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். நான் கேட்டிருக்கிறேன். "அந்த விவரம் தலைமையகத்தில் இருக்கிறது ஐயா" என்பதே எனக்குக் கிடைத்த விடை. தலைமையகம் இன்றுவரை எழுதவில்லை.

பெரிய படமும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் புதிய பட்டதாரிகளுள் பெரும்பாலோரின் தொடக்கச் சம்பளம் 2010-இல் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது என்று பேங்க் நெகாரா தன் 2018-ஆம் ஆண்டறிக்கையில் சுட்டிக்காட்டியது. உயர்கல்வி பெற்று வேலையில் இருப்போருள் மூன்றில் ஒருவருக்கும் மேல் தம் தகுதிக்குக் குறைந்த திறன் தேவைப்படும் வேலையிலேயே இருக்கின்றனர் என்பதை அண்மைய ஆண்டுகளின் புள்ளிவிவரத் துறைக் கணக்குகள் காட்டுகின்றன. இவை எல்லாத் துறைக்கும் பொதுவான கணக்குகள். ஆயினும் 'ஐ.டி. என்றாலே வேலை உறுதி' என்று சத்தியம் செய்பவர், இந்த மூன்றில் ஒருவரில் எத்தனை பேர் கணினிப் பட்டதாரிகள் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லரா?

அடுத்தது கடன். 'கையிலிருந்து ஒரு வெள்ளியும் போட வேண்டியதில்லை' என்பதைப் போன்ற கொடிய வாக்கியம் வேறில்லை. 2014-இன் இறுதியில் தனியார் கழகப் பட்டப்படிப்புக்கான கடன் உச்சவரம்பு ஆண்டுக்கு 16,000 ரிங்கிட்டிலிருந்து 13,600 ரிங்கிட்டாகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைந்த தொகையையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு 40,800 ரிங்கிட். இதைப் பதினைந்து ஆண்டில் கட்டி முடிப்பதானால் அசலுக்கு மட்டும் மாதம் ஏறத்தாழ 227 ரிங்கிட். அதன்மேல் ஆண்டுக்கு 1 விழுக்காடு நிருவாகக் கட்டணம். 23 வயதில் பட்டம் பெற்றவர் கட்டி முடிக்கும்போது அவருக்கு 38 வயது. மென்பொருள் நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்குபவருக்கு இது சுமையன்று. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அதைவிட நானூறு ஐந்நூறு கூடுதலாகப் பெறும் பட்டதாரி கோலாலம்பூரில் அறை வாடகை, போக்குவரத்து, சாப்பாடு போக 227 ரிங்கிட்டை எங்கிருந்து எடுப்பார்? எஸ்.பி.எம். முடித்தவுடன் அதே கடையில் சேர்ந்த தோழன் கடனில்லாமல் அதே சம்பளம் வாங்குகிறான்.

கடன் கழகத்தை நான் பழிக்கவில்லை. அது இல்லையேல் நம் பிள்ளைகள் பலர் பட்டமே கண்டிருக்க மாட்டார்கள். கடன் என்பது விதைநெல் போல. எந்த நிலத்தில் விதைக்கிறோம் என்று பார்க்காமல் விதைத்துவிட்டு வானத்தைத் திட்டிப் பயனில்லை.

என்னிடம் ஆறாம் ஆண்டுவரை படித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டா. தந்தை செம்பனைத் தோட்டத்திலிருந்து வெளியேறி லாரி ஓட்டியவர். பையன் எஸ்.பி.எம்.-இல் கணிதத்தில் சுமாரான தேர்ச்சி. கூடுதல் கணிதம் எடுக்கவேயில்லை. கண்காட்சியில் ஒரு முகவர் பிடித்துக் கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்டவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அங்கே ஒரு பருவத்தில் ஒரே பாடத்துக்கு மூன்று விரிவுரையாளர்கள் மாறினார்களாம். இறுதியாண்டுச் செயல்திட்டத்தை மாணவர்கள் காசு கொடுத்துச் செய்து வாங்கினார்களாம். பட்டம் கிடைத்தது. இன்று அவர் இணையக் கட்டணம் பற்றிய வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் பணியில் இருக்கிறார். "ஐயா, ஆய்வுப் படிவத்தில் 'தகவல் தொழில்நுட்பத் துறை' என்றுதான் நிரப்பினேன். நிறுவனம் அப்படித்தானே பதிவாகியிருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய அப்பா இன்றும் கோயிலில் என்னைப் பார்த்தால், "பையன் ஐ.டி.யில் இருக்கான் ஐயா" என்பார். அந்த மனிதரின் முகத்தில் தெரியும் பெருமையைக் கலைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்த இளைஞர் சோம்பேறி அல்லர், அறிவிலியும் அல்லர். அவருக்குச் செய்யப்பட்டது அநீதி. கணினிப் பட்டம் என்பது விசைப்பலகை தட்டும் பயிற்சி அன்று. தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம், வலையமைப்பு, தனிநிலைக் கணிதம் என்று அதன் எலும்புக்கூடு முழுவதும் கணிதச் சிந்தனையால் ஆனது. அதனால்தான் மலேசியத் தகுதி முகமையின் கணினித் துறைத் தரநிலை, கூடுதல் கணிதத்தில் நற்தேர்ச்சி இல்லாதோர் கணித வலுவூட்டல் பாடம் படிக்க வேண்டும் என்கிறது. அந்த வலுவூட்டலை ஒழுங்காக நடத்தும் கல்லூரி எது, வருகைப் பதிவுக்காக மட்டும் நடத்தும் கல்லூரி எது என்பதைப் பெற்றோர் எப்படி அறிவர்? 'கணினி அறிவியல்', 'மென்பொருள் பொறியியல்', 'தகவல் தொழில்நுட்பம்' மூன்றும் ஒன்றல்ல என்பதைக்கூட மேசையில் யாரும் விளக்குவதில்லை. முதலாவதில் கணிதமும் கோட்பாடும் மிகுதி. இரண்டாவது மென்பொருளைத் திட்டமிட்டுக் கட்டி எழுப்பும் முறை. மூன்றாவது, ஒரு நிறுவனத்தில் கணினி அமைப்புகளை நிறுவி, இணைத்து, பேணுவதில் கருத்துச் செலுத்துவது. பிள்ளைக்கு எது பொருந்தும் என்று கேட்காமல் மூன்றையும் 'ஐ.டி.' என்ற ஒரே சாக்கில் கட்டி விற்பது வணிகம், வழிகாட்டல் ஆகாது.

'அரசாங்கக் கதவு மூடியிருக்கிறது, தனியாரை விட்டால் வேறு போக்கில்லை' என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. நம் மாநிலத்திலேயே தாப்பாவில் யு.ஐ.டி.எம். வளாகத்தில் கணினி அறிவியல் கற்பிக்கிறார்கள். தாப்பா தோட்டத்துப் பிள்ளை அந்த வாயிலைப் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். பூமிபுத்ரா அல்லாதவருக்கு அங்கே இளநிலைப் படிப்பில் இடமில்லை. 10 'ஏ'-யும் அதற்கு மேலும் பெற்றோருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசனில் இடம் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார், நன்று. ஆனால் 10 'ஏ' பெற்ற பிள்ளையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நான்கைந்து நற்தேர்ச்சியோடு நிற்கும் பிள்ளையைப் பற்றியே இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆனால் மூடிய கதவைக் காட்டியே திறந்த கதவை மறைத்துவிடுகிறார்கள். ஈப்போவிலேயே உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969 முதல் இருக்கிறது. நாட்டின் முதல் பாலிடெக்னிக். பாலிடெக்னிக்கில் பருவக் கட்டணம் 200 ரிங்கிட். ஆறு பருவத்துக்கும் கட்டணம் 1,200 ரிங்கிட். தனியார் கல்லூரியில் சில வாரங்களுக்குக்கூட இது போதாது. அங்கே டிப்ளோமா முடித்து, கணிதம் தேறி, தொழிற்பயிற்சியில் இத்துறை தனக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துகொண்டு பிறகு பட்டத்துக்குப் போகலாம். ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். எழுதலாம், அதில் தகவல், தொடர்புத் தொழில்நுட்பம் ஒரு பாடமாகவே உண்டு. நல்ல கணிதமும் ஆங்கிலமும் இருந்தால், 1997-இல் தோன்றிச் செரி இஸ்கண்டாரில் இயங்கும் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், 2007 முதல் கம்பாரில் வளாகம் கொண்ட துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. இவற்றையெல்லாம் கடந்து, பெயர் தெரியாத ஒரு கடைவீட்டு மாடிக் கல்லூரிக்கு ஏன் போகிறோம்? ஆறாம் படிவம் என்றால் "இன்னும் பள்ளிச் சீருடையா?" என்று அத்தை கேட்பார். பாலிடெக்னிக் என்றால் "யுனிவர்சிட்டி கிடைக்கவில்லையா?" என்று மாமா கேட்பார். அந்த இரண்டு கேள்விக்கு அஞ்சி 40,000 ரிங்கிட் கடன் வாங்கும் சமுதாயம் உலகில் வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

'வேலை கிடைக்காததற்கு உங்கள் பிள்ளைகளின் சோம்பலும் ஆங்கிலமும்தான் காரணம்' என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். நிரல் எழுதும் வேலைக்கும் 'மண்டரின் தெரிந்தவருக்கு முன்னுரிமை' என்றிருக்கும். கணினிக்கு மண்டரின் தெரியாது. மேலாளருக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் லீ ஹுவோக் ஆனும் முகமட் அப்துல் காலிட்டும் 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புதிய பட்டதாரிகளின் பெயரில் கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பி, பெயரின் இனம் பார்த்து நேர்காணல் அழைப்பு எவ்வளவு மாறுகிறது என்று அளந்தனர். பொறியியல், கணக்கியல் துறை வேலைகள் அவை. வேறுபாடு பெரிதாகவே இருந்தது. அந்த ஆய்வில் இருந்தவை சீனப் பெயர்களும் மலாய்ப் பெயர்களும். முனியாண்டியும் சரசுவதியும் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆய்வாளரைக் குறை கூறவில்லை. எந்த அட்டவணையைத் திறந்தாலும் நாம் 'மற்றவை' என்ற கட்டத்துக்குள் இருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட களத்தில் வலுவற்ற பட்டத்தோடு நிற்பவன் முதல் சுற்றிலேயே தள்ளப்படுவான்.

தமிழ்நாட்டு வரலாறும் நமக்குப் பாடமாக வேண்டும். 1980-களின் நடுவில் அங்கே தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. பிறகு அவை ஐந்நூறைத் தாண்டிப் பெருகின. சென்னையில் 2000-இல் டைடல் பூங்கா திறந்தபோது ஊருக்கு ஊர் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' பைத்தியம் பிடித்தது. உண்மையாகவே பல்லாயிரம் எளிய குடும்பங்கள் அதனால் உயர்ந்தன. அதை மறுப்பவன் கண்ணிருந்தும் குருடன். ஆனால் அதே அலையில் முளைத்த எத்தனையோ கல்லூரிகள் மாணவரின்றி மூடப்பட்டன; பொறியியல் படித்து உணவு விநியோகம் செய்யும் இளைஞன் அங்கே திரைப்படப் பாத்திரமாகவே ஆகிவிட்டான். ஒன்று மட்டும் அங்கே நமக்கில்லாத நன்மை. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. கிராமத்துத் தந்தையும் அதைப் பார்த்து, 'இந்தக் கல்லூரியில் பத்தில் இருவர்தான் தேறுகிறார்களா?' என்று கேட்டுவிட்டு எழுந்து போக முடிகிறது.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, "இனிமேல் கணினியே நிரல் எழுதும், ஐ.டி. படிக்காதே" என்று அதே மண்டபங்களில் வேறு குரல் கேட்கிறது. அதே கல்லூரிகள் அதே படிப்புக்குச் 'செயற்கை நுண்ணறிவு' என்று புதுப் பெயர் சூட்டி அதே மேசையில் விற்கத் தொடங்கிவிட்டதையும் பார்க்கிறேன். இரண்டு கூச்சலும் ஒரே வகை. 'எல்லாரும் ஐ.டி. படி' என்றவரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. 'யாரும் படிக்காதே' என்பவரும் பார்க்கவில்லை. எளிய நிரலைப் பார்த்து எழுதுவதைமட்டும் கற்றவருக்கு இந்தக் கருவி போட்டியாளன். சிக்கலைக் கூறுகூறாகப் பிரித்து, விடை சரியா தவறா என்று ஆராயத் தெரிந்தவருக்கு அது வேலையாள். கணிதத்தில் நாட்டமும், விடாமல் ஒன்றை நோண்டிப் பார்க்கும் குணமும் உள்ள பிள்ளை இன்றும் தாராளமாகக் கணினி படிக்கட்டும். நானே கையொப்பமிட்டு அனுப்புவேன்.

அந்தக் குணம் பல்கலைக்கழகத்தில் முளைப்பதில்லை. நான்காம் ஆண்டு 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் ஒரு செயலைப் படிப்படியாகப் பிரித்து எழுதச் சொல்கிறோம். தேநீர் கலக்கும் முறையை எழுதச் சொன்னால், பாதிப் பேர் தண்ணீரைக் கொதிக்கவைக்க மறந்துவிடுவார்கள். ஒரு பிள்ளைமட்டும் கையை உயர்த்தி, "சர்க்கரை இல்லை என்றால் என்ன செய்வது ஐயா?" என்று கேட்கும். கணினிப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் அந்தப் பிள்ளை அப்போதே தேறிவிட்டது. மடிக்கணினியும் படவீழ்த்தியும் இருந்தால் இது தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. 2003-இல் அறிவியல், கணிதத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது பள்ளிகளுக்கு வந்து இறங்கிய கருவிகள் பின்னர் எந்த அலமாரியில் உறங்கின என்பதை அக்கால ஆசிரியர் எவரும் சொல்வார்.

எனக்கு இன்னொரு மனத்தாங்கல் உண்டு. நம் இயக்கங்கள் ஆண்டு விழாவில் 'இவ்வாண்டு இத்தனை பட்டதாரிகள்' என்று அறிவிக்கின்றன. அங்கியும் தொப்பியும் அணிந்த படங்கள் நாளேட்டில் வரிசையாக வருகின்றன. ஐந்தாண்டு கழித்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எந்த இயக்கமாவது கேட்டதுண்டா? 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்வெட்டித் தொழிலாளர்கள் மாதந்தோறும் சிறு தொகை கட்டித் தோட்டம் வாங்கினார்கள். எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், பங்கு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பங்குச் சீட்டைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அவருடைய பேரன், பட்டமும் பெற்றவன், தான் கையொப்பமிட்ட கடன் ஒப்பந்தத்தின் நகல் எங்கே என்றே அறியான்.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு. பலவற்றுக்கு முன்னாள் மாணவர் சங்கமும் உண்டு. ஒரு பள்ளி தன்னிடம் படித்து, பின்னர்க் கணினித் துறையில் பட்டமோ டிப்ளோமாவோ பெற்ற இருபது பேரைத் தேடிப் பிடித்தால் போதும். 2,000 பேருக்கு மேற்பட்ட கணக்கு நம் கையில் இருக்கும். அமைச்சும் கல்லூரியும் தராத அட்டவணையை நாமே எழுதிவிடலாம். இதற்கு மானியம் வேண்டா, மாண்புமிகு வேண்டா, மாலை மரியாதை வேண்டா.

என் பங்குக்கு நான் தொடங்கிவிட்டேன். இதைப் படிப்போருள் பேராக்கில் பிறந்து தகவல் தொழில்நுட்பமோ கணினி அறிவியலோ படித்தவர் இருந்தால் எனக்கு ஐந்து வரி எழுதுங்கள்: எஸ்.பி.எம்.-இல் கணிதத்திலும் கூடுதல் கணிதத்திலும் என்ன பெற்றீர்கள், அரசு, பாலிடெக்னிக், தனியார் இவற்றுள் எவ்வகைக் கழகத்தில் படித்தீர்கள், கடன் எவ்வளவு, முதல் சம்பளம் எவ்வளவு, இன்று என்ன வேலை. பெயர் வேண்டா. கைப்பேசிக் கடையில் இருப்பவரும் வெட்கப்படாமல் எழுதுங்கள். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ நல்ல நிலையில் இருப்பவர் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த எஸ்.பி.எம். முடிவு வருவதற்குள் அதை ஒரு தாளில் அச்சிட்டு, புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் அந்த மேசைகள் போடப்படும் மண்டபத்து வாசலில் நின்று கொடுக்கப் போகிறேன்.